இடது டயர் மட்டும் மொட்டை

லேத் பட்டறையில் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு இடத்தில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதில், தன்னைவிட நான்கே வயது இளைய பந்தயக் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு, இன்ஜினின் இழுவை முழுக்கப் பின்சக்கரங்களுக்கு. வருடாந்திர மலையேற்றப் பந்தயத்தில் மூன்று நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்று ஒரே வெறி.

முதல் வருடம் மூன்று நிமிடம் ஒன்பது விநாடி. இன்ஜினுக்குப் பலம் கூட்டும் டர்போ மாட்டினார்; மறுவருடம் மூன்று பதினொன்று. டர்போ அழுத்தத்தை இன்னும் ஏற்றினார். மூன்றாம் வருடம் ஆறாவது வளைவில் வண்டி தட்டாமாலை சுற்றி, தடுப்பில் பின்புறத்தை இடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்து நின்றது. அவருக்கு அடியில்லை. ஆனால் இரண்டு வாரம் வண்டிப் பக்கமே போகவில்லை.

நசுங்கலை நிமிர்த்தியபின் வண்டியை அண்ணியிடம் கொண்டுபோனார். அண்ணி டயர்க் கடையில் வீல் அலைன்மென்ட் பார்ப்பவர்; சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்து, வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்துத்தான் தருவார். வண்டியை மேலே தூக்கி, பின் டயர்களை உள்ளங்கையால் தடவினார்.

"மலையில இடதுபக்க வளைவுதான் அதிகமா?"

"ஆமா அண்ணி. எப்படித் தெரியும்?"

"இடது டயர் மொட்டை. வலது டயர் புதுசு மாதிரி இருக்கு. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் எழும்புது. நீ ஏத்தின பவர் எல்லாம் அந்த ஒத்தை டயர்ல புகையாப் போகுது."

"அப்போ பவரை இன்னும் கொஞ்சம் ஏத்தினா..."

"இருக்கிறதை முதல்ல ரோட்டுக்குக் குடு தம்பி."

மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு உள்சக்கரம் எழும்பாமலிருக்க, பின்சக்கரங்களைப் பிணைத்திருந்த தடித்த கம்பியைக் கழற்றினார். மெத்தென்ற ஸ்பிரிங் போட்டார். இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். டர்போ அழுத்தத்தைக் குறைக்கும்போதுதான் சொந்தப் பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது.

ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்பது பந்தய விதி. அண்ணியின் பெயரையும் சேர்த்துவிட்டார். முதலில் பம்பரம் ஏறினார்: மூன்று நிமிடம் ஒரு விநாடி. அண்ணி கிளம்பியதும் அடிவாரத்தில் நிற்க முடியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒலிபெருக்கி அறிவித்தது: இரண்டு ஐம்பத்தேழு.

அண்ணி இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பம்பரம் கேட்டார்: "ஆறாவது வளைவுல எந்த கியர்?"

"மூணு."

"நான் ரெண்டுல போனேன்."

"தெரியும். டயர் கத்தினது கீழே வரைக்கும் கேட்டுச்சு."

அவருக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று புரியவில்லை. இன்னொரு முறை ஓட்டலாமா என்று கேட்க அதிகாரிகளின் மேசையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.