நன்றாக எரிந்த மெழுகுவத்தி

வேதியியல் படித்ததால் இந்த உலகத்துக்கு என்னால் விளைந்த ஒரே பயன், ஆரணி பக்கம் சேவூரில் எங்கள் அண்ணன் வீட்டுச் சமையலறையில் நான்கு மாதம் மெழுகு காய்ச்சியதுதான். பயன் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். பொருத்தமான வேறு சொல் இதுவரை அகப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா அம்மா இருவரும் இல்லை. அண்ணனுக்கு மூன்று தறி, ஒரு மனைவி, மூன்று பெண்கள், வேலையில்லாத ஒரு பி.எஸ்ஸி. தம்பி. தம்பி காலையில் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படிப்பான். பிறகு புத்தகம் படிப்பான். மத்தியானம் சரியான நேரத்துக்குச் சாப்பிட வந்துவிடுவான். இந்த ஏற்பாடு ஒரு குறையுமில்லாமல் நடந்துகொண்டிருந்தபோது, சித்திரை மாதத்தில் ஒருநாள், எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த அக்கா தேசூரிலிருந்து ஒரு துணிப்பையுடன் வந்து இறங்கினாள்.

மூன்றாவது முறை. அத்தான் கை நீட்டுகிறவர். முதல் இரண்டு முறையும் அண்ணன் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போய் அவளைத் திரும்ப விட்டுவிட்டு வந்தார். இந்த முறை அவளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டால் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தறிக்குழியில் இருந்தபடியே சொன்னார்.

"ஐப்பசி வரைக்கும் பாக்கலாம்மா. கைத்தொழில்னு ஒண்ணு அமைஞ்சா இங்கியே இரு. சும்மா ஒக்காந்துகினு இருந்தா ஊரு கேக்கும், நான் பதில் சொல்லணும்."

சும்மா ஒன்றும் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. வந்த அன்று மாலையே ராட்டை முன்னால் உட்கார்ந்து, சேலையின் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆனால் நெசவு வீட்டில் பெண்கள் தார் சுற்றுவது மூச்சு விடுவது மாதிரி. அதை யாரும் தொழில் என்று சொல்வதில்லை.

மெழுகுவத்தி என்னுடைய யோசனை. அப்போது சாயங்காலம் தவறாமல் கரண்ட் போகும். சாதா மெழுகுவத்தி எல்லாக் கடையிலும் கிடைத்தது. வாசனை மெழுகுவத்தி கிடைக்கவில்லை. நூலகத்தில் கைத்தொழில் புத்தகம் ஒன்றில் அதற்கு முழுசாக ஐந்து பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து பக்கம் படித்தவனுக்கு வரும் தன்னம்பிக்கை ஐந்நூறு பக்கம் படித்தவனுக்கு வருவதில்லை.

வேலூரிலிருந்து பாரபின் மெழுகுப் பாளம் வாங்கி வந்தேன். வெந்நீர்ச் சட்டிக்குள் டபராவை வைத்து உருக்கி, தகரக் குழாயில் ஊற்றினோம். முதல் மெழுகுவத்திகள் பார்க்க லட்சணமாக இருந்தன. அக்கினி நட்சத்திர வெயிலில் பகல் மூன்று மணிக்கு எல்லாம் ஒரே திசையில் குனிந்து யாரையோ வணங்கிக்கொண்டிருந்தன. சரி, கெட்டிப்படுத்த ஸ்டீரிக் அமிலம் சேர்த்தோம். அதிகம் சேர்த்ததில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி விண்டு விழுந்தது. ஜவ்வாது மலையிலிருந்து சந்தைக்கு வரும் தேன்மெழுகைக் கொஞ்சம் கலந்தால் விரிசல் விடாது என்று அக்காவே கண்டுபிடித்தாள். பத்துப் பங்கு பாரபினுக்கு இரண்டு பங்கு அமிலம், அரைப் பங்கு தேன்மெழுகு. அளவு குறிக்கும் நோட்டு அவளிடம்தான் இருந்தது. என் கையெழுத்து எனக்கே மறுநாள் புரியாது.

வாசனை வேறு பேஜார். அத்தர் கடையில் வாங்கிய மல்லிகை எண்ணெயைக் கொதிக்கும் மெழுகில் விட்டால் தெரு முழுக்க மணக்கும், மெழுகுவத்தியில் ஒன்றும் இருக்காது. ஆறவிட்டு ஊற்றினால் மெழுகின்மேல் எண்ணெய் வியர்த்து நிற்கும். ஓரம் ஏடு கட்டுகிற நேரம் பார்த்து விடவேண்டும் என்பது அவள் விரல் கண்ட விஷயம். புத்தகத்தில் வெப்பமானி என்று போட்டிருந்தது. எங்களிடம் இருந்தது அவள் விரல்தான்.

திரியே வேண்டாம், சும்மா வாசனைக் கட்டியாக வார்த்துவிடலாம், விளக்குமேல் கிண்ணத்தில் வைத்தால் உருகி மணக்கட்டும் என்றும் ஒருமுறை செய்து பார்த்தாள். கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கரண்ட் போனால் இதைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆக எல்லாம் திரியில் வந்து நின்றது. பஞ்சுத் திரி புகைந்தது, சில சமயம் உருகிய மெழுகில் முங்கி அணைந்தது. அங்கேதான் என் படிப்பு உதவிக்கு வந்தது. தறியடியில் கிடக்கும் கழிவுப் பட்டு நூலை முறுக்கித் திரி போட்டால் என்ன? ஆரணிப் பட்டுத் திரி மெழுகுவத்தி! பெயரே விற்றுவிடும்.

"பட்டு எரிஞ்சா மசுரு நாத்தம் அடிக்கும்டா" என்றாள் அக்கா. "மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

உண்மையிலேயே தெரியும். எங்கள் பக்கத்தில் நூலைச் சோதிக்க வேறு கருவி கிடையாது. ஒரு இழையை நெருப்பில் காட்டுவார்கள். சுருண்டு, முடி கருகின நாற்றம் அடித்து, தானாகவே அணைந்தால் பட்டு. காகிதம்போல் சுறுசுறுவென்று எரிந்தால் ஆர்ட் சில்க் என்கிற செயற்கைப் பட்டு. ஆனால் நான் பட்டதாரி அல்லவா? மெழுகுவத்தியில் எரிவது மெழுகுதான், திரி அல்ல, திரி வெறும் வாய்க்கால் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அக்கா கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள்.

சிவப்புப் பட்டில் போட்ட திரி ஒரு நிமிடம் எரிந்து, சுருண்டு, அணைந்தது. மல்லிகையும் மயிரும் கலந்த வாசனையை அதற்கு முன்போ பின்போ நான் முகர்ந்ததில்லை. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். பச்சைப் பட்டும் அப்படியே. அடுத்த வாரம் கத்தரிப்பூ நிறக் கழிவில் ஒரு பிடி எடுத்து மூன்று திரி போட்டோம்.

எரிந்தது. நிமிர்ந்து, ஆடாமல், புகையில்லாமல், பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சுடர். மல்லிகை மட்டும் மணந்தது. நான் அறையைச் சுற்றி நடந்தேன். சாயப்பொருள்தான் காரணம் என்று உடனே ஒரு கொள்கையும் வகுத்தேன். அக்கா மிச்ச நூலை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"இது வேணாம். நான் பஞ்சுலயே சரி பண்ணிடறேன். திரி பத்தி எவன் கேட்டாலும் கடையில வாங்குன நூலுன்னு சொல்லு."

தொழில் ரகசியத்தைக் காக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றில் ஒன்று எரித்துப் பார்த்ததில் போயிற்று. மிச்சம் இரண்டையும் அடுப்பில் போட வைத்திருந்தவள் மறந்துபோனதும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

சொன்னபடி பஞ்சைச் சரி செய்தாள். உப்பும், கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரும் கரைத்த நீரில் நூலை ஊறவைத்துக் காயப்போட்டுப் பின்னினாள். திரி தலையைச் சாய்த்து ஒழுங்காக எரிந்தது. ஃபேன்சி ஸ்டோர்க்காரர் இரண்டு டஜன் கேட்டார். அதை எழுதியபோது அவள் எழுத்து நோட்டில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அப்போது ஆவணி. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருந்தது.

அதோடு நான் நூலகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அக்காவுக்குப் பெரிய ஆர்டர் பிடித்துத் தரும் கடமை என்னை அழைத்தது. அண்ணனுக்கு நெடுக்கு நூலான பாவும் ஊடையும் எடை போட்டுக் கொடுத்துச் சேலையை எடை போட்டு வாங்கும் பட்டு முதலாளியிடமே போனேன். தீபாவளிக்குச் சேலைப் பெட்டிக்குள் ஒரு பட்டுத் திரி மெழுகுவத்தி வைத்துக் கொடுத்தால் மெட்ராஸ் வாடிக்கையாளர்கள் மயங்கிவிடுவார்கள் என்று சொல்லி, ஒளித்து வைத்த இரண்டையும் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"பட்டு எரியுமா தம்பி?"

"மெழுகுல எரியுங்க. அது சயின்ஸுங்க."

அவரே தீக்குச்சி கிழித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"நல்லா எரியுது, இல்ல?"

"ரொம்ப நல்லா எரியுதுங்க" என்றார் கணக்குப்பிள்ளை, தரையைப் பார்த்தபடி.

"எந்தப் பட்டுப்பா இது?"

"உங்க பட்டுதாங்க. அண்ணன் தறியில கத்தரிப்பூ சேல ஓடுதே, அந்தக் கழிவு."

முதலாளி எனக்குக் காபி வரவழைத்தார். இதற்கு முன் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. நல்லா எரியுது தம்பி என்று இன்னொரு முறை சொன்னார். இரண்டு மெழுகுவத்தியையும் வைத்துக்கொண்டார். நான் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, சைக்கிளில் பாட்டு முனகிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அக்கா மெழுகு கிளறிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் ஸ்டவ்வை அணைத்தாள். கழிவு மூட்டையிலிருந்து ஒரு சிவப்பு இழை, ஒரு கத்தரிப்பூ இழை எடுத்தாள். சிவப்பு சுருண்டு நாறியது. கத்தரிப்பூ காகிதம்போல எரிந்து விரல்வரை வந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்குவது.

"மொதலாளி நிறுத்துக் குடுத்த ஊடை வெளிய எங்கியோ வெலைக்குப் போவுது. அதுக்குப் பதிலா இது தறிக்கு வருது. அன்னிக்கு அது எரியும்போதே எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

கதவருகில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் மறுக்கவில்லை, என்னை அடிக்கவுமில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவருடைய மூத்த பெண்ணுக்குப் பெரணமல்லூரில் பேச்சு முடிகிற நேரம். முதலாளி பாவு நிறுத்தினால் மூன்று தறியும் நிற்கும். நூலை மாற்றினவன் என்று பெயர் வந்தால் ஆரணியில் இன்னொருவர் பாவு தரமாட்டார், பெண் எடுக்கவும் மாட்டார்.

"ஊடைய மாத்துங்கண்ணா" என்றாள் அக்கா. "ஜல்தி."

பொழுது சாய்வதற்குள் கத்தரிப்பூ சேலையில் நெய்திருந்த இரண்டு முழத்தை அறுத்தெடுத்தார்கள். தார் எல்லாம் மாறின. நல்ல பட்டு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. என்னைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதலாளி ஸ்கூட்டரில் கணக்குப்பிள்ளையோடு வந்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றாள். திரிக்கு நூல் வாங்கினது தான்தான், கடையில் விற்கும் ஆர்ட் சில்க் பூவேலை நூல், தறிக் கழிவைத் தொடவே இல்லை என்றாள். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீ பட்டுன்னியே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை.

"எனக்குப் பட்டுக்கும் ஆர்ட் சில்க்குக்கும் வித்தியாசம் தெரியாதுங்க" என்றேன்.

வாசலில் கூடியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நெசவாளி வீட்டில் பிறந்து, கல்லூரிக்கும் போய் வந்தவன். கணக்குப்பிள்ளை, படிச்ச புள்ளை இல்லீங்களா என்றார். முதலாளி தாரிலிருந்து ஓர் இழை பிடுங்கித் தீ வைத்தார். முடி கருகின நாற்றம் வந்தது. அவ்வளவு இனிய வாசனையை எந்த அத்தர் கடையிலும் நான் கண்டதில்லை. அவர் நம்பினாரா, நம்பினதாக வைத்துக்கொண்டாரா, தெரியாது. பாவு நிற்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அண்ணன் அக்கா இருக்கும் அறைக்குள் வரவில்லை. அவள் சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். பிறகு அண்ணியிடம் சொல்லி அனுப்பினார்: தேசூரிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போனார்கள், மாப்பிள்ளை திருந்திவிட்டாராம், போய்ப் பார்க்கட்டும். அந்த நாட்களில் நூலகத்துக்கும் போகாமல் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்த எனக்குத் தெரியாமல் யாரும் வந்திருக்க முடியாது. அதை நான் சொல்லவில்லை. முதலாளியிடம் பேசவேண்டியதற்கு மேலேயே பேசி முடித்த களைப்பு எனக்கு.

இரண்டு டஜனை முடித்துக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். கடைக்காரர் இன்னும் மூன்று டஜன் கேட்டதாகச் சொன்னாள். தேசூர் பஸ்ஸில் அவளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இப்போதுதான் தொழில் என்று ஒன்று அமைந்திருக்கிறதே, அண்ணன் சொன்னது அதுதானே, போய்க் கேட்போமா என்றேன்.

"என்னத்தக் கேக்கறது?"

"நீதான அவரக் காப்பாத்துன?"

"அதான்டா அனுப்பறாரு" என்றாள். "எம் மூஞ்சியப் பாத்துகினு அவரு எப்படி தெனம் சோறு துன்னுவாரு? மூணு பொண்ணு வெச்சிகினு இருக்கறாரு. வுடு."

அத்தான் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். மரியாதையாகத்தான் இருந்தார். எனக்குக் காபி தந்தார்கள். அக்கா உள்ளே போனவள் வெளியே வரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று நானும் அதிக நேரம் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்தார்.

"பஸ்ஸு கெடச்சுதா?"

"கெடச்சுது."

இந்த விஷயமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இன்றுவரை அவ்வளவுதான்.