மொட்டைத் தலையோடு முடி தேடிப் போனேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் அப்போது நான் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு ஊர் வில்பட்டி. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. தினமும் வெள்ளனே எழுந்து நடந்து போய், பொழுது சாய்கிற நேரம் வீடு திரும்புவேன். பங்களாக்காரர்கள் மதுரைப் பக்கத்தவர்கள். வீட்டம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்ததால் வருஷம் முழுக்க மலையிலேயே தங்கியிருந்தார்கள். ஐயா, அம்மா, சமையல்கார அக்கா, நான். அந்த வீட்டில் புழங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடினால் பழனிக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பெண்பிள்ளைக்கு நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதாதா என்று எல்லாரும் சொன்னார்கள். கொஞ்சமாக வேண்டி, பலனும் கொஞ்சமாகவே கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். எதையும் அப்படித்தான் யோசிப்பேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். அவர் உடம்பு தேறியதும் அம்மாவிடம் லீவு கேட்டுக்கொண்டு, இருவரும் மலைப்பாதையில் இறங்கிப் போய்க் காணிக்கையைச் செலுத்திவிட்டு வந்தோம்.

திரும்பி வேலைக்குப் போன அன்று பங்களா வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அதைப் பார்த்ததுமே, எதுவும் தெரியாமலே, தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.

நான் ஊரில் இல்லாதபோது அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை என்று தெரியவந்திருக்கிறது. கடைசியாக அதை எப்போது பார்த்தோம் என்று அம்மாவுக்கே சரியாக நினைவில்லை. நான் கிளம்புவதற்கு முன்பாகவும் இருக்கலாம் என்றார். படுக்கையறை அலமாரிக்குள் நகை வைக்க ஒரு சின்ன அறை உண்டு. அதன் கதவு இடுக்கில் ஒரு கொத்து நீள முடி சிக்கியிருந்ததை ஐயாதான் பார்த்து எடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் அதை ஒரு காகித உறைக்குள் போட்டு வைத்திருந்தார். மெட்ராஸில் இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்களாம். முடியைக் கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்த்து, இன்னார் முடியோடு ஒத்துப்போகிறது, இன்னாரோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதி அனுப்புவார்களாம். அதற்காக அம்மாவிடமும் சமையல்கார அக்காவிடமும் தலையிலிருந்து முடி எடுத்தாகிவிட்டது. நான்தான் பாக்கி.

நான் தலையில் இருந்த துண்டை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏம்மா, முடியை வச்சுக் கண்டுபிடிப்போம்னு உனக்கு யாரு சொன்னா? முன்கூட்டியே வழிச்சுட்டு வந்து நிக்கிறியே!"

"வேண்டுதல் சார். புருஷனுக்கு மேலுக்கு முடியாம கெடந்துச்சு. அவ ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தா" என்று சமையல்கார அக்கா எனக்காகப் பேசினார். நான் பேசியது உளறலாகத்தான் வந்தது. "முளைச்ச முடி கொஞ்சம் இருக்குங்கய்யா, அது போதுமா?" என்று கேட்டேன். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். நீள முடி வேண்டும், எங்கிருந்தாவது கொண்டுவா, இல்லாவிட்டால் உன் மேல்தான் சந்தேகம் நிற்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஐயா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு பழனிக்குப் போய் என் முடியைத் தேடி எடுத்து வந்துவிடலாம் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா? சாமிக்குக் குடுத்ததத் திருப்பிக் கேப்பியா?"

"திருப்பிக் கேக்கலைங்க. ஒரு முடி. ஒரே ஒரு முடி."

மனசில்லாமல் கூடவே வந்தார். முடி எடுக்கும் கொட்டகையில் அன்றைக்கும் நல்ல கூட்டம். மூலையில் கருகருவென்று ஒரு குவியல். ஒருவர் கூட்டிக்கூட்டி அதிலேயே தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு மொட்டை போட்ட நாவிதரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த முடிம்மா? கருப்பா இருந்துச்சே, அதுவா?" என்று கேட்டுவிட்டு, அழுதுவிடுவேன் போல நின்ற என்னைப் பார்த்து மனம் இளகிவிட்டார். "அது அப்பவே மூட்டையாகிப் போயிருச்சு தாயி. நீளமா ஒண்ணு வேணும், அவ்வளவுதானே? இந்தா கெடக்கு. எடுத்துக்கிட்டு வெரசாக் கிளம்பு."

நான் குனிந்து கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. யாருடையது என்றே தெரியாத இந்த முடி, அலமாரியில் கிடைத்த முடியோடு ஒத்துப்போய்விட்டால்? யாரோ செய்ததற்கு நானே கையில் சாட்சி கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடுமே. சரி, என் முடியே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அலமாரியைத் தினமும் துடைக்கிறவள் நான். இடுக்கில் இருந்தது என் முடியாகவே இருந்துவிட்டால்? நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். முடிக்கு அது தெரியுமா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வந்தது எதற்கு, திரும்புவது எதற்கு என்று என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

வீட்டில் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஒரு யோசனை சொன்னார். எங்கள் பக்கத்தில் தலை சீவும்போது உதிர்கிற முடியைக் கண்ட இடத்தில் போடமாட்டோம். விரலில் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைப்போம். ஊசி, பாசிமணி விற்க வருகிறவர்களிடம் கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது தருவார்கள். பொந்து நிறைய முடிச்சுருள் இருந்தது. ஆனால் அதில் மதினியுடையதும், அவர் மகள்களுடையதும், என்னுடையதும் எல்லாம் சேர்ந்து கிடந்தன.

"இது எந்தலை. எண்ணெ வாசத்துலயே தெரியுது" என்றார் மதினி ஒரு சுருளை மோந்து பார்த்து.

"எல்லாருக்கும் ஒரே எண்ணெதானே மதினி!"

பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் துணியில் கட்டி எடுத்துப் போனேன். இன்ஸ்பெக்டர் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு முடி கேட்டா குடும்பத்தையே மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கியே!" என்றார். இருந்தாலும் அனுப்பினார்.

பதில் வருகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஐயா சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்றே தெரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நடந்ததும் பயந்ததும் மனசுக்குள் குழம்பிப்போய், நான்தான் தெரியாமல் சங்கிலியைத் துடைக்கிற துணியோடு சேர்த்து உதறிவிட்டேனோ என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியில் பங்களாவுக்கே வரச்சொல்லி ஆள் வந்தது. ஐயாவும் அம்மாவும் நாற்காலியில் இருந்தார்கள். நானும் சமையல்கார அக்காவும் சுவரோரம் நின்றோம். இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு அவரே குழம்பிப்போய்ப் பேசினார். அலமாரியில் கிடைத்த முடி எதிலுமே வேர் இல்லையாம். தலையிலிருந்து இழுபட்டு வந்ததோ தானாக உதிர்ந்ததோ இல்லை, கூரான கத்தியால் அறுத்த முடியாம். இதைச் சொன்னதும் எல்லாரும் என் மொட்டைத் தலையைப் பார்த்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இரும்மா, விழுந்துறாத. இன்னும் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "இது ஒருத்தர் முடி இல்லையாம். தடிப்பு, நெறம் எல்லாம் வேற வேற. நாலஞ்சு பேரு தலைமுடி ஒரே கொத்துல இருக்குன்னு எழுதியிருக்காங்க. அத்தனை பேரும் மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து இந்த அலமாரியத் திறந்தாங்களா? எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

யாருக்கும் புரியவில்லை. மதினியையும் அவர் மகள்களையும் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். நான் கொண்டுபோய்க் கொடுத்த மூட்டை அவர்கள் தலையிலும் விடிந்துவிட்டதே என்று "ஐயையோ" என்று கத்திவிட்டேன்.

அப்போது அம்மா எழுந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையில் இருந்த ஊசிகளை உருவினார். பாதிக் கொண்டை தனியாகக் கையோடு வந்தது. மேஜைமேல் வைத்தார். சவுரி; பலர் தலையில் அறுத்த முடியைச் சேர்த்துக் கட்டுகிற பொய்முடி. அவரது சொந்த முடி எலிவால் மாதிரிக் கழுத்தோடு நின்றது. ஐயா அதைப் பார்த்த பார்வையிலிருந்தே தெரிந்தது, இத்தனை வருஷமாக அவருக்கும் தெரியாது என்று.

"இதை அந்த அறைக்குள்ளதான் வைப்பேன். கதவு இடுக்குல மாட்டினது இதுவாத்தான் இருக்கும். அவங்க யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றார். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சங்கிலி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவே இல்லை. எப்படிப் போனது, யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. என்மேல் இருந்த சந்தேகம் மட்டும் அன்றோடு போயிற்று. மறுநாளே வேலைக்கு வரச்சொன்னார்கள், போனேன். அதற்குப் பிறகு அம்மாவுக்கு நான்தான் சவுரி வைத்துக் கொண்டை போட்டுவிடுவேன். கண்ணாடியில் இருவர் முகமும் ஒன்றாகத் தெரியும். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. அந்த முடி தன்னுடையது என்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லையோ, தோன்றியும் கூச்சத்தில் அடக்கிக்கொண்டாரோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பயந்து நான் கேட்கவில்லை.

அன்று என்னைக் காப்பாற்றியதற்காக அவரைக் கும்பிடுவதா, அதுவரை தவிக்கவிட்டதை நினைத்து வருந்துவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் யாரையாவது நிற்கவைத்துப் பலர் சந்தேகமாகப் பேசுவதைக் கண்டால், விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அதே கூட்டத்தில் நிற்கிறாரோ என்று என் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது.