பேர் வெட்டிய தூக்கு

தூக்கின் அடியை விரல்கணுவால் தட்டி, மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் கலைமணி சாம்பார் ஊற்றுவாள். நேற்றைய புளிப்பு வாடை அடித்தால் போச்சு. "தொரைக்குக் கழுவ ஒடம்பு வணங்கலியா? பைப்பு அங்க கீது பாரு, தேச்சி எடுத்துகினு வா" என்று வரிசையை விட்டே தள்ளிவிடுவாள். நைட் ஷிப்டு முடித்துக் கண் எரிய நிற்கிறவனாகட்டும், லைனில் எல்லாரையும் விரட்டுகிற சூப்பர்வைசராகட்டும், தேய்த்துக் கொண்டுவந்தால்தான் இட்லி.

மண்ணூரைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டின தெரு. வீட்டு வாசலில் ஓர் அடுப்பு, தலைக்கு மேலே தகரம். அதுதான் கடை. புருஷன் கோதண்டம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். வண்டி எடுக்கும்வரை மாவு ஊற்றித் தருவார், வாய் திறக்கமாட்டார். பேசுவதற்கு இவள் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்ட மனுஷன்.

கடையில் பிளாஸ்டிக் கவர் கிடையாது. ஏனம் கொண்டுவந்தால்தான் பார்சல். கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற, ஏனம் இல்லாத பசங்களுக்கு அவளே ஒரு தூக்குக் கொடுப்பாள். எல்லாம் பரணில் சாக்குக் கட்டிக் கிடந்த சீர்ப் பாத்திரம். இவள் கல்யாணத்துக்கும் மகள் பிரவீனாவின் சடங்குக்கும் சொந்தபந்தம் வைத்தது. வைத்தவர் பேரைப் பாத்திரக் கடைக்காரன் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பான். எந்தத் தூக்கு எவன் கைக்குப் போகிறதோ, அந்தப் பேர் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். வல்லக்கோட்டைத் தாண்டவராயன் வைத்த தூக்கு ராமநாதபுரத்துப் பையன் ஒருவனிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைப் பார்த்து, "இன்னா தாண்டவராய மாமா, ஓவர்டைமா நேத்து? கண்ணு செவந்து கீது" என்பாள். அவனும் "ஆமா மருமகளே" என்று வாங்கிக்கொண்டு போவான். தூக்கைத் தொலைத்தவன் ஓர் உறவையே தொலைத்தவன் மாதிரி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

ஊருக்குப் போய்வரும் பிள்ளைகள் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். இவள் கேட்டதே இல்லை. தெற்கே அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது. உள்ளே நாலு எலுமிச்சம்பழம் இருக்கும், ஒரு பிடி உளுந்து இருக்கும். "இதெல்லாம் இன்னாத்துக்குடா, கொரங்கு" என்று திட்டிக்கொண்டே எடுத்து வைத்துக்கொள்வாள்.

முன்பெல்லாம் அவளும் கவரில்தான் ஊற்றினாள். ரப்பர் பேண்டு போடமாட்டாள். வாழைநாரைக் கழுத்தில் சுற்றி ஒரு சுருக்குப் போட்டுத் தருவாள். அது அவள் கைமுடிச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில், ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் அடைத்துக்கொண்டு வெள்ளம் தெருவுக்குள் ஏறியது. ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. அடைப்பைப் பிடித்து இழுக்க இழுக்கக் கவர். அதில் பலவற்றின் கழுத்தில் வாழைநார். கலைமணி ஒன்றைக் கையில் எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பரணுக்கு ஏணி போட்டாள்.

இந்த வருஷமும் கால்வாயில் கவர் சேர்ந்தது. "எல்லாம் ரூம் பசங்க பண்ற வேல" என்று ஊரில் பேச்சுக் கிளம்பிற்று. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி மோகன். இன்னும் ஏரித் தண்ணீரை நம்பிக் கழனி வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேரில் அவன் ஒருவன். கால்வாய் அடைத்தால் முதலில் போவது அவன் பயிர்தான். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணம் ஆகாத வெளியூர்ப் பையன்களுக்கு இனி யாரும் வீடு விடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கூடி முடிவெடுப்பதாகப் பேச்சு. முடிவானால் இவள் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பெட்டி கட்டவேண்டியதுதான். தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சட்னிக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள்.

ஆனால் மோகன் அவனாகவே வந்துவிட்டான். ஒரு கையில் அருள்பாண்டியின் சட்டைக் காலர், இன்னொரு கையில் ஒரு தூக்கு. அருள்பாண்டி திசையன்விளைப் பக்கத்துப் பையன். ஊருக்குக் கிளம்பும்போது வழியில் சாப்பிட இவள்தான் அந்தத் தூக்கில் இட்லி வைத்து அனுப்பியிருந்தாள். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட ரூமில் வைக்காமல் நேரே வந்துகொண்டிருந்தவன் இப்படி மாட்டிக்கொண்டான்.

"கால்வா மேல வச்சி மடக்கினேன்க்கா. பேரப் பாரு. 'தாய்மாமன் மோகன்'. பிரவீனா சடங்குக்கு நான் வச்ச சீரு. வூட்டுல பூந்து எடுத்துகினு போயிருக்கான், நீ இன்னாடான்னா இட்லி அவிச்சிகினு கீற."

"நான் எடுக்கலண்ணே. அக்காதான் தந்தாவ."

வரிசையில் நின்ற சுகப்பிரியா பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாக, "தாய்மாமன தாய்மாமனே புடிச்சிட்டு வந்திருக்காருடி" என்றாள். அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டைய வுடு மோகனு. நான்தான் குடுத்தேன்" என்றாள் கலைமணி.

அவன் கை தளர்ந்தது. முகம்தான் இறுகியது. "என் சீர இரவல் வுட்டியா? கண்டவனும் சாம்பார் வாங்கறதுக்கு?"

"உன் தூக்க எடுத்துகினு போனவன் ஒரு கவரு கால்வாயில போட்டதில்ல. கவரக் குடுத்தது யாரு? நானு, மளிகக் கடக்காரரு, உன் மச்சினனோட பிரியாணிக் கட. அன்னிக்கி வெள்ளத்துல வாரிப் போட்டமே, கழுத்துல வாழநாரு சுத்தி இருந்திச்சே, பாத்தியா? அது என் முடிச்சிடா. இவங்கள அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பு."

மோகன் தூக்கை அடுப்பு மேடைமேல் ஓங்கி வைத்தான். மூடி தெறித்தது. பனையோலையில் சுற்றின கருப்பட்டி ஒன்று உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. இன்னொன்று தூக்குக்குள்ளேயே இருந்தது.

"எங்கம்மா குடுத்து விட்டாவ" என்றான் அருள்பாண்டி, காலரைச் சரிசெய்துகொண்டே. "பேர வாசிச்சுச் சொல்லுலேன்னாவ. சொன்னேன். சரி, அந்த மாமாவுக்கும் ஒண்ணுன்னு ரெண்டா வச்சாவ."

மோகன் குனிந்து எடுத்தான். ஓலையில் ஒட்டின மண்ணை ஊதினான். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் நீயும் வா. அந்த நாரு சமாச்சாரத்த அங்க வந்து சொல்லு" என்றான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

கலைமணி உள்ளே இருந்த கருப்பட்டியை எடுத்து வைத்துவிட்டுத் தூக்கைக் கழுவினாள். விளிம்புவரை சாம்பாரை ஊற்றி மூடினாள். கை நீட்டி நின்ற அருள்பாண்டியைத் தாண்டி, தம்பியின் கையில் கொண்டுபோய் அதைக் கொடுத்தாள். அவன் அதைத் தானே வைத்துக்கொள்கிறானா, அருள்பாண்டியிடம் கொடுக்கிறானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவளின் தூக்கை வாங்கி, அடியை விரல்கணுவால் தட்டினாள்.