எல்லை கடந்த கேஸ் ட்ரபிள்

போன வாரம் என் மகள் ஒரு நாவலை வாசித்து முடித்துவிட்டுச் சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டாள். பதின்வயதினருக்காக மலையாளத்தில் எழுதப்பட்ட நாவல். விபத்தில் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு ஒரேயொரு மழைக்காலம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. மழை நின்றபிறகு அவள் இருப்பாளா மாட்டாளா, தெரியாது. விஷயத்தை அவள் வீட்டில் சொல்வதும் இல்லை.

"அச்சடிச்ச ஆளுக்கா அழுகே, மக்கா?" என்று கேலி செய்தேன். நிறைய வாசித்தவன் என்கிற கொழுப்பு.

அந்த வாரமே நெய்யாற்றின்கரை டாக்டர், என் இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். வீட்டில் கேஸ் ட்ரபிள் என்று சொல்லிவைத்தேன். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். உண்மையைச் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். மகளுக்கோ பிளஸ் டூ பரீட்சை. எல்லாம் நல்ல காரணங்கள்தான். பயம் என்ற காரணத்தை மட்டும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

எங்களைப்போல எல்லையோரத்தில், கேரளப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இந்த மாநிலம் சொல்வது பிடிக்காவிட்டால் அந்த மாநிலத்தைக் கேட்போம். பெட்ரோல் அடிக்க நாங்கள் அங்கே போகிறோம், லாட்டரிச் சீட்டு வாங்க அவர்கள் இங்கே வருகிறார்கள். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் என் அடைப்பும் கொஞ்சம் மலிவாகும் என்று நினைத்துவிட்டேன்.

"மார்த்தாண்டத்துல கேஸுக்கு நல்ல டாக்டர் ஒருத்தர் உண்டு" என்று மகளிடம் சொல்லிவிட்டு உதியன்குளங்கரையில் பஸ் ஏறினேன். பையில் பரிசோதனை சி.டி.யோடு அவளுடைய நாவலும் இருந்தது. காத்திருக்கும்போது குறைசொல்லிச் சிரிக்க ஏதாவது வேண்டுமே.

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் சில பக்கங்களுக்குச் சிரிக்கத்தான் செய்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் மழை. பிறகு ஓர் இடத்தில், அம்மா தலையில் எண்ணெய் தேய்க்கும்போது, இன்னும் எத்தனை முறை என்று அந்தப் பெண் மனசுக்குள் எண்ணுகிறாள். புத்தகத்தை மூடிவிட்டு, எதிரே மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. மறுபடி திறந்து வாசித்தேன். கடைசி அத்தியாயம் மிச்சமிருக்கையில் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். "அங்க என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன்."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

இரண்டு மாநிலங்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை மேஜையில் போட்டேன். "என்ன பொண்ணு இவ? பெத்தவங்கட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போவா?" என் குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

மகள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்பா, கேஸ் ட்ரபிளுக்கு ஆராவது மார்த்தாண்டம் போவாவளா? இங்க சொன்னது பிடிக்கல்லேன்னாத்தான் அங்க போறது. எனக்குத் தெரியாதாக்கும்?"

நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மைக்கிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"ஒனக்குப் பரீட்சை முடியட்டும், மக்கா."

"பரீட்சை எனக்காக்கும். ஒங்களுக்கில்ல."

போனை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஆனால் விரல் எண்ணுக்குப் போகவில்லை. நேரம் கடத்துவதற்காக, "அது கெடக்கட்டும். கடைசில அந்தப் பொண்ணு பொழைப்பாளா?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொழைச்சிருவா" என்றாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் பொய் சரியாக வராது. எண்ணை அழுத்தினேன். மஸ்கட்டில் மணி அடித்தது. மகள் இன்னும் திரும்பவில்லை.