மேல்பல்

அக்காளுடைய பெண்பிள்ளைக்கு நாலாம் மாதத்திலேயே மேல் ஈறில் ஒரு பல் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கீழ்ப்பல்தான் முதலில் வர வேண்டும். மேல்பல் முந்தினால் தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே தாய்மாமன் நான்.

நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்த மாநிலத்தோடு சேரும் என்று அடிபிடி நடந்த வருஷங்கள் அவை. பனச்சமூடு சந்தையில் மூட்டை சுமந்தவன் நான். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனேன். போலீஸ் என்னைத் தேடியது. தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். காரக்கோணத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒளிந்து கிடந்தேன். அந்த நேரம் பார்த்து மேல்பல்.

அக்காள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தடவை பகலில் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் பிள்ளையின் முகத்தைத் துவர்த்துத் துண்டால் மூடி, தூங்குது என்றாள். என்னைத் தேடி வந்த போலீஸ் பானை சட்டியை உடைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோபம் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாம் தடவை போனபோது பிள்ளை பால் குடிக்க முடியாமல் அழுதது. துவர்த்தை நானே இழுத்தேன். மேல் உதடு தூக்கி நின்றது. ஈறில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். நாவற்பழம் மாதிரி நீலமும் கறுப்புமாக இருந்தது. அதன் மேல் அந்தப் பல் கோணலாகக் குத்தி நின்றது.

நான் ஓர் அடி பின்னால் போனேன். பிள்ளைக்காக இல்லை, எனக்காக. ஊர்வலத்தில் போலீஸ் தடிக்கு முன்னால் நின்றவன், நாலு மாதப் பிள்ளையின் பல்லுக்குப் பயந்தேன். அக்காள் அதைப் பார்த்தாள்.

“எலே மக்கா, நீ பாக்காத. ஒனக்காக்கும் ஆகாது” என்றாள்.

எத்தனை நாளாயிற்று என்று கத்தினேன். மூன்று வாரம் என்றாள். முதலில் புளியங்கொட்டை அளவுதான் இருந்ததாம். கறுப்பாக இருந்ததால், எனக்குச் சாவு உறுதி என்று பயந்து மூடியே வைத்திருந்தாளாம். அத்தான் மலையில் தோட்ட வேலையில் இருந்தார், அவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அக்காளும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினோம். பாறசாலையில் போலீஸ்காரன் பஸ்ஸில் ஏறினான். எங்கே போகிறாய் என்று கேட்டான். மலையாளத்தில் பதில் சொல்லித் துவர்த்தை விலக்கிக் காட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பல் உண்டாகிற சதையிலிருந்து கிளம்பும் கட்டி, கைப்பிள்ளைகளுக்கு எப்போதாவது அபூர்வமாக வரும், தானும் புத்தகத்தில்தான் படித்திருப்பதாகச் சொன்னார். கறுப்பு என்பது உள்ளே இருக்கும் நிறம், அவ்வளவுதான். ஆனால் அது வேகமாக வளரும், எலும்பைத் தின்னும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். மூன்று வாரம் ஆயிற்று என்று மட்டும் அக்காள் சொன்னாள். மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் இத்தனை எலும்பை எடுக்க வேண்டியிருக்காது என்றார்.

பிள்ளை பிழைத்தது. மேல்தாடையில் ஒரு பக்கம் இல்லை. தாலுகா கேரளத்தோடு போய்விட்டது. எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. இன்றும் என் மருமகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் தண்ணீர் குடிக்கிறாள். மாமா என்று அவள் கூப்பிட்டால் பாதிச் சத்தம் மூக்கு வழியாக வரும்.

அந்தப் பல்லை எடுத்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அக்காள் சாகும்வரை நம்பினாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்வாள், அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அது கட்டி, என் உயிருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சண்டை போட வாயைத் திறப்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் பின்னால் வைத்த அந்த ஓர் அடி ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன்.