கழுத்து மாறிய கயிறு

என் கழுத்தில் கிடக்கும் இந்தக் கறுப்புக் கயிறு என்னுடையதல்ல. லோடு ஏற்றும்போது வியர்வையில் ஊறி அறுக்கிறது. ஆனாலும் கழற்றப் பயம்.

என்னோடு மாற்றி மாற்றி லாரி ஓட்டிய டிரைவர் அண்ணனுடையது. எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய நான் அவரோடுதான் அதிக காலம் நிலைத்தேன். பருத்தி லோடு ஏற்றி ரெட்டியபட்டி தாண்டும்போது சட்டென வண்டியை ஓரங்கட்டுவார். சட்டைக்கு மேலேயே நெஞ்சு குதிப்பது தெரியும். தண்ணீர்க் கேனை முகத்தில் கவிழ்த்து மூச்சை அடக்குவார், படபடப்பு நிற்கும். ஒருநாள் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். வண்டி கருவேலங்காட்டுக்குள் இறங்கி நின்றது.

திருச்சுழிப் பக்கத்தில் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி அவருக்குக் கயிறு கட்டிச் சொன்னார்: "இது தரையத் தொடக் கூடாது. உசுருள்ள மேலுலதான் கெடக்கணும்."

பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரி. தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, துடிப்பைக் கெடுக்கும் இடத்தில் சூடு வைப்பார்களாம். காலில்தானே வேலை என்று கயிற்றை விட்டுவைத்தார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் டாக்டரே வெளியே வந்தார். தொடையிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய நரம்பு பிறவியிலேயே வயிற்றுக்குள் பாதியில் நின்றுவிட்டதாம். கழுத்து நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். அவர் கயிற்றை விடமாட்டேன் என்கிறார், நீங்கள் சொல்லுங்கள் என்று பச்சை அங்கி மாட்டி என்னைக் கூட்டிப்போனார்.

அண்ணன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார். திரையில் துடிப்பு தாறுமாறாக ஓடியது.

"அத்தாம்பெரிய லாரியவே ஒடிச்சுத் திருப்புவீக, ஒரு கயித்துக்கு இந்தப் பாடா? எங்கிட்டக் குடுங்கண்ணே. எம் மேலுலயும் உசுரு இருக்குல்ல?"

"ஏலே, கீழ மட்டும் போட்றாத."

நர்ஸ் முடிச்சை அவிழ்க்க, நான் கட்டிக்கொண்டேன். எதையும் நம்பாத நான், வராந்தாவில் அவர் வெளியே வரும்வரை கயிற்றை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். கழுத்தில் பஞ்சுக்கட்டோடு படுத்திருந்தவரிடம் கயிற்றை நீட்டினேன். முகம் வெளிறிவிட்டது.

"வேணாம்யா. சீக்கு அதுல ஏறியிருக்கும். மறுபடி எனக்குக் கட்டாத."

"அப்ப எனக்கு?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போதும் வண்டி ஓட்டுகிறார், வேறு ஆளோடு. போன மாதம் மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "கெடக்கா?" என்றார், கிட்டே வராமல் என் கழுத்தைப் பார்த்து.

நேற்று மூட்டை மேல் ஏறி நின்றபோது என் நெஞ்சு திடீரெனக் குதித்தது. வெயிலாகவும் இருக்கலாம். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்க, மறு கை தண்ணீர்க் கேனைத் தேடியது.