குங்கிலியம் பூசிய டப்பாக்கள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அருள்பிரகாசம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அவர் கட்டிலுக்கு அடியில், தெருவையே கொளுத்தக்கூடிய ஒரு மரப்பெட்டி இருந்தது. அது தெரிந்தும் நாங்கள் இந்தப் பக்கம் பாய் விரித்துப் படுத்தோம். துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அந்த வாடகைக்கு வேறு வீடு யார் கொடுப்பார்கள்?

அருள்பிரகாசம் சினிமா கொட்டகையில் ஆபரேட்டர். அவர் வாலிபத்தில் வேலை பார்த்த ஒரு கொட்டகையில் மிஷினில் சிக்கிய பிலிம் தீப்பிடித்தது. அந்தக் காலத்து பிலிம் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்தது. வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. கேபினுக்குள் இவரோடு இருந்த இன்னாசி வெளியே வரவில்லை. அன்றிலிருந்து நெருப்பு என்றால் இவருக்கு ஈரக்குலை நடுங்கும். கோயிலில் மெழுகுவர்த்திகளுக்குப் பயந்து கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். பாதிரியார் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனுஷன் அதே பிலிமை வீட்டில் சேர்த்தார். இதை என்னவென்று சொல்வது?

புது பிலிம் எரியாது, அதனால் பழசையெல்லாம் அறுபதுகளில் கொட்டகைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் தள்ளிவிட்டார்கள். வண்ணாரப்பேட்டை உசேன் பாய் அவற்றை எடைக்கு வாங்கி, கொதிக்கவைத்து அதில் படிந்திருக்கும் வெள்ளியை எடுப்பார். கொப்பரையில் போகும் முன் அருள்பிரகாசம் அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பிரித்து வெயிலுக்கு எதிரில் பிடித்துப் பார்ப்பார். மெட்ராஸ் தெரிந்தால் போதும், கத்தரிப்பார். டிராம் வண்டி, பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு, யுத்தக் காலத்தில் ஊரைக் காலிசெய்து மூட்டையோடு ஓடிய கூட்டம், மழையில் மூழ்கிய ஒரு தெரு. கதாநாயகி பாடிக்கொண்டிருந்தால் அவளை வெட்டிக் கொப்பரைக்கு அனுப்பிவிட்டு, அவளுக்குப் பின்னால் தெரிந்த மூர் மார்க்கெட்டை எடுத்துக்கொண்டு வருவார். உசேன் பாய்க்கே பொறுக்கவில்லை. இன்னா நைனா, அம்சமான பொண்ணை விட்டுட்டு செவுத்தைத் தூக்கிக்கினு போறியே என்று கேட்பாராம்.

சேர்த்ததை அவர் ஒருநாளும் மிஷினில் ஓட்டிப் பார்த்ததில்லை. ஓட்டினால் சூடு, சூடு என்றால் இன்னாசி ஞாபகம். யாருக்கும் காட்டவும் இல்லை. பெண்டாட்டி எல்சிக்குக்கூட ஒரு துண்டு காட்டியதில்லை. அவளும் கேட்டதில்லை. அவளுக்கு அந்தப் பெட்டி சக்களத்தி. அடுப்பைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு மழையிலும் அங்கேதான் சமைத்தாள். வீட்டில் ஊதுவத்தி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கும், உள்ளே விளக்கு இருக்காது. சித்திரை வெயிலில் கூரை தகிக்கும்போது அவர் வேலைக்குப் போகாமல் பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், ஜுரக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல.

எல்சியின் அண்ணன் ஜேக்கப் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பலகை இடுக்கு அடைக்கிறவர். பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினால் கடல் தண்ணீரே உள்ளே வராது. தங்கை அழுததைப் பார்த்துவிட்டு அவர்தான் வழி சொன்னார். கப்பலையே அடைக்கிறேன், இந்த டப்பாவை அடைக்க மாட்டேனா என்றார். குங்கிலியத்தைத் துறைமுகத்திலேயே காய்ச்சி, ஆறவைத்து எடுத்துவந்து, பெட்டிக்குள் பிலிம் வைத்திருந்த ஒவ்வொரு தகர டப்பாவின் மூடியையும் பஞ்சு வைத்து அடைத்துப் பூசிக் கொடுத்தார். நெருப்புக்குக் காற்று வேண்டும், காற்றே போகாவிட்டால் என்ன செய்யும்? எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றைக்கு எல்சி எங்கள் வீட்டுக்கும் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு சில வருஷம் நிம்மதியாகவே தூங்கினோம்.

அறுபத்தொன்பது கோடையில், வடக்கே சர்க்கார் பழைய படங்களைப் பாதுகாக்க ஓர் இடம் வைத்திருக்கிறது என்று கொட்டகை மேனேஜர் சொன்னார். அருள்பிரகாசம் எழுதிப்போட்டார். ஆள் வருவதாகப் பதிலும் வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் இல்லை. அந்த ஆள் வரவேண்டிய வாரத்தில்தான் கட்டிலுக்கு அடியில் பெருக்கிய எல்சி வீல் என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். பெட்டிக்குள் ஏதோ டக்கென்று அடித்ததாம். திறந்து பார்த்தால் டப்பா மூடிகள் தோசைபோல் உப்பியிருந்தன.

பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டோம். எல்சி நடுத்தெருவில் நின்று புருஷனிடம் சொன்னாள்: "விடிஞ்சா அது வெளிய போவணும். இல்லாங்காட்டி நான் போறேன்."

மறுநாள் விடிந்ததும் ஜேக்கப் மீன்பாடி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஐஸைக் கொட்டி, அதன்மேல் டப்பாக்களை அடுக்கி, மறுபடியும் ஐஸைக் கொட்டினோம். காத்திவாக்கம் கடற்கரையில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்கே வடக்கேயிருந்து வந்திறங்கிய அதிகாரி சண்முகவேலையும் அங்கேயே வரச் சொல்லியாயிற்று. எல்சியும் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். படத்தின் மேல் அக்கறையில் அல்ல, அந்தப் பெட்டி திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளத்தான். திருவொற்றியூரில் ஒரு பெண்பிள்ளை வண்டியை மறித்து என்ன மீன் என்று கேட்டாள். ஜேக்கப் அவளைச் சுற்றி வண்டியை ஒடித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்திலும் டப்பாக்கள் முட்டிக்கொள்ள, அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

குடிசைகளைத் தாண்டி ஆளில்லாத மணலில் இறக்கினோம். இரும்பு படக்கூடாது என்று அதிகாரி சொன்னதால் ஜேக்கப் மர ஆப்பால் குங்கிலியத்தைச் சுரண்டி முதல் மூடியைத் தூக்கினார். மூக்கை அறுக்கிற நாற்றம். உள்ளே பிலிம் இல்லை. தேன் பாகுபோல் ஏதோ ஒட்டிக்கிடந்தது. அடுத்ததில் பழுப்புப் பொடி. அதற்கடுத்ததிலும் அதே பொடிதான்.

அதிகாரி நல்ல மனுஷன். மெதுவாகத்தான் சொன்னார். அந்த பிலிம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விடும், ஆவி வெளியே போக வழி வேண்டும், அடைத்து வைத்தால் தன் ஆவியிலேயே வெந்து போகும். இந்தப் பொடி நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும், வண்டி இவ்வளவு தூரம் வந்ததே தெய்வாதீனம். இதை எங்கும் எடுத்துப் போக முடியாது, இங்கேயே எரித்துவிட வேண்டும். ஜேக்கப் இந்தப் பேச்சு முடிவதற்குள் ஆப்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக வாங்கி, இன்னும் பூசாமல் வைத்திருந்த ஒரே டப்பா மட்டும் தப்பித்தது. அதில் யாரோ துரைமார் கைகுலுக்குகிறார்கள், மூலையில் கொஞ்சம் துறைமுகம். அதிகாரி அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

குழி தோண்டிக் கொட்டினோம். கிழிந்த வலைத்துண்டைக் கழியில் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து, தீப்பெட்டியை அருள்பிரகாசத்திடம் நீட்டினேன். அவர் பொருள், அவர்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாங்கினார். குச்சியைக் கிழிக்க முடியவில்லை. தீப்பெட்டி நழுவி எல்லாக் குச்சியும் மணலில் கொட்டியது. எல்சி குனிந்து ஒன்றை எடுத்தாள். பந்தத்தைக் கொளுத்தி, எட்ட நின்று குழிக்குள் எறிந்தாள்.

ஒரே ஒரு மூச்சு. மஞ்சளாக எழுந்து, தென்னை உயரத்துக்கு நின்று, அடங்கிவிட்டது. அவ்வளவு வருஷம் நாங்கள் பயந்தது அந்த நேரத்துக்குத்தான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் அழுதாள். அந்தப் பெட்டியைச் சபித்தவள் அவள்தான், அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் ஒரு துண்டுகூடப் பாக்கலியே," என்றாள். "இன்னா கீது அதுலன்னு நீ ஒரு நாளும் சொல்லல. இப்பனாச்சும் சொல்லு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். டிராம் வரும் என்றார். கடற்கரைப் பக்கமிருந்து வரும், இல்லை, மவுண்ட் ரோட்டிலிருந்து. அதில் ஒருத்தன் தொங்கிக்கொண்டு வருவான். அவன் தலையில் குல்லாவா, முண்டாசா? நிறுத்தினார். விறகுப் படகுக்குத் தாவினார். அதில் இருந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல வரவில்லை. எங்களைப் பார்த்தார். நெருப்பு எழுந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்க்கவில்லை.

"எல்சி, எனக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது," என்றார். "எனக்கும் மறந்துகினு வருது."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். கிளம்பலாம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

"குல்லாவோ முண்டாசோ, இர்ந்துட்டுப் போவுது," என்றாள். "ட்ராமு வந்துகினு கீது. அப்பால?"